கதை க்வில்லுடையது இல்லை, ராக்கெட்டுடையது: கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி மூன்றாம் பாகம்

முதலிலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், ஏனென்றால் யார் பிழைத்தார்கள், யார் போனார்கள் என்று சொல்லாமல் இந்தப் படம் ஏன் இவ்வளவு நன்றாக முடிகிறது என்று என்னால் எழுத முடியாது. இரண்டாவது, பேசும் மரம், பேசும் விலங்கு, ஜாலியான பாட்டு என்று நம்பி சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டுவிடாதீர்கள். அறுத்துத் தைத்து, உலோகத்தைச் சொருகிக் கூண்டில் போட்ட குட்டி விலங்குகள் நடுங்கிக்கொண்டு கிடக்கும் காட்சிகள் ஒன்றிரண்டு இல்லை, படம் நெடுக வருகின்றன. பெரியவர்களுக்கே வயிற்றைப் பிசைகிறது.

ஜேம்ஸ் கன் 2014இல் முதல் பாகம், 2017இல் இரண்டாம் பாகம், 2023 மே மாதம் இந்த மூன்றாம் பாகம் என்று மூன்றையும் தானே இயக்கி முடித்திருக்கிறார். நடுவில் நடந்தது பெரிய கூத்து. 2018இல் பழைய ட்வீட்டுகளைக் கிளறி எடுத்ததில் மார்வெலை வைத்திருக்கும் டிஸ்னி அவரை வேலையைவிட்டு அனுப்பியது, அடுத்த ஆண்டே திரும்பக் கூப்பிட்டது. இந்தப் படம் வெளியாவதற்குள் அவர் போட்டிக் கடையான டிசி ஸ்டூடியோஸுக்குத் தலைவர்களில் ஒருவராகவும் ஆகிவிட்டார். அதாவது, மார்வெலில் இதுதான் கடைசி என்று தெரிந்தே, மூட்டை கட்டி வைத்துவிட்டு எடுத்த படம். அது திரையில் தெரிகிறது. அடுத்த படத்துக்கு விளம்பரம் செய்கிற வேலை இதில் கிட்டத்தட்ட இல்லை. யாரோ ஒரு புது ஆள் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு வந்து, "உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. இப்போதைய சூப்பர்ஹீரோ படங்களில் இதுவே ஒரு நிம்மதி.

சரி, கதை. நோவேர் என்ற இடத்தில் கார்டியன்ஸ் கூட்டம் குடியேறியிருக்கிறது. காதலி கமோரா செத்துப்போன துக்கத்தில் கூட்டத்தின் தலைவன் க்வில் குடித்துக்குடித்து விழுந்து கிடக்கிறான். அவளுடைய பழைய காலத்துப் பிரதி ஒருத்தி உயிரோடு இருக்கிறாள், ஆனால் அவளுக்கு இவனை யாரென்றே தெரியாது. அந்தச் சமயத்தில் ஆடம் வார்லாக் என்ற தங்கநிறத்து ஆள் வந்து மோதுகிறான், கூட்டத்தில் இருக்கும் பேசும் ரக்கூன் ராக்கெட் குற்றுயிராகக் கிடக்கிறான். மருந்து வைக்கப் பார்த்தால், அவனுடைய இதயத்தோடு ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது, வேறு யாராவது உள்ளே கை வைத்தால் அவனைக் கொன்றுவிடும். அதைத் திறக்கும் கடவுச்சொல் அவனை உருவாக்கியவர்களிடம் இருக்கிறது. கையில் 48 மணி நேரம்தான். ஓடுகிறார்கள்.

இவ்வளவுதான் கதை. பிரபஞ்சம் அழியப்போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. ஒரு நண்பன் சாகக் கிடக்கிறான், அவனைப் பிழைக்க வைக்க வேண்டும். முதல் இரண்டு பாகத்திலும் உலகத்தைக் காப்பாற்றியவர்கள் மூன்றாவதில் ஒரே ஒருவனைக் காப்பாற்றப் போகிறார்கள், அதற்கே படம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் பெரிய சாமர்த்தியம், மூன்று பாகமும் யாருடைய கதை என்பதை மாற்றி வைத்ததுதான். போஸ்டரில் நடுவில் நிற்பவன் க்வில், அம்மா கொடுத்த பாட்டு கேசட், அப்பா யார் என்ற தேடல் எல்லாம் அவனுடையது, அதனால் இது அவனுடைய கதை என்றே பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் பாகம் வந்து, இல்லை, ஆரம்பத்திலிருந்தே இது ராக்கெட்டின் கதை என்கிறது. கடைசிப் பாகத்தில் இப்படித் திருப்பினால் வழக்கமாக ஏமாற்று வேலை போலத்தான் இருக்கும், "இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை" என்று கோபம் வரும். இங்கே வரவில்லை. ஏனென்றால் எல்லாமே ஏற்கெனவே நம் கண்ணெதிரில் இருந்தவை, நாம்தான் சிரித்துவிட்டுக் கடந்து போய்விட்டோம்.

முதல் பாகத்தில் சிறைக்குள் உடை மாற்றும்போது ராக்கெட்டின் முதுகு ஒரு நொடி தெரியும், தோலுக்குள்ளிருந்து உலோகம் துருத்திக்கொண்டிருக்கும், க்வில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசமாட்டான். அப்புறம் குடித்துவிட்டு, என்னை இப்படிச் செய்யச் சொல்லி நானா கேட்டேன் என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கத்துவான். இரண்டாம் பாகத்தில் க்வில்லை வளர்த்த யோண்டு ராக்கெட்டைப் பார்த்து, உன்னை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நீயும் நானும் ஒன்று என்கிற மாதிரி பேசும்போது வாயடைத்துப் போவான். ரக்கூன் என்று யார் சொன்னாலும் எரிந்து விழுவான். அதெல்லாம் போகட்டும், அடுத்தவர்களின் செயற்கைக் கால், செயற்கைக் கண் என்று திருடவும் விலை பேசவும் அலைவானே, அதை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? எத்தனை முறை சிரித்திருப்போம். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்த நகைச்சுவைக்குப் பழைய மாதிரிச் சிரிக்க முடியவில்லை. தன் உடம்பையே உதிரி பாகமாகப் பார்த்து வளர்ந்தவன் மற்றவர்கள் உடம்பை வேறு எப்படிப் பார்ப்பான்? கன் இதையெல்லாம் 2014லேயே திட்டமிட்டு வைத்திருந்தாரோ, பின்னாடி சேர்த்துக் கோத்துக்கொண்டாரோ, எதுவானாலும் எனக்குப் பரவாயில்லை, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறது.

படத்தின் பாதிக்கு மேல் ராக்கெட் மயங்கிக் கிடக்கிறான் என்பதைக் கவனியுங்கள். கதாநாயகனைப் படுக்க வைத்துவிட்டுப் படத்தை நடத்த ஒரு தைரியம் வேண்டும். அவன் படுத்திருக்கும்போதுதான் பழைய காலம் விரிகிறது. ஒட்டி ஒட்டிக் கூண்டுகள். உள்ளே நான்கு பேர். உலோகக் கைகள் பொருத்திய நீர்நாய், சக்கரம் வைத்த வால்ரஸ், வாயில் கவசமும் சிலந்தி போன்ற இரும்புக் கால்களும் உள்ள முயல், அப்புறம் 89பி13 என்ற எண் மட்டும் உள்ள ஒரு ரக்கூன் குட்டி. வெளியுலகத்தையே பார்த்திராத இந்த நான்கும் தரையில் மல்லாந்து கிடந்து, வானம் என்று ஒன்று இருக்கிறதாம், நாம் எல்லாரும் அங்கே போவோமாம் என்று பேசிக்கொள்கின்றன. ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வோம் என்று முடிவாகிறது. நீர்நாய் லைலா என்கிறது. வால்ரஸ் தன் பல்லைப் பார்த்து டீஃப்ஸ் என்று வைத்துக்கொள்கிறது. முயல், தான் தரையில் படுத்திருப்பதால் ஃப்ளோர் என்கிறது! அதற்குத் தெரிந்த உலகத்தில் பெயர் வைக்கத் தரையைத் தவிர வேறு என்ன இருந்தது. நம் ஆள் மட்டும், நான் பறக்கிற எந்திரம் செய்து உங்களை எல்லாம் வானத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன், அதனால் என் பெயர் ராக்கெட் என்கிறான்.

இந்த இடத்தில் எல்லாம் தெரிந்துவிடும், இவர்களில் ஒருவன்தான் மிஞ்சப் போகிறான் என்று. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. கிடைத்த துண்டு துணுக்குகளை வைத்து ராக்கெட் ஒரு சாவி செய்கிறான், லைலாவின் கூண்டைத் திறக்கிறான், அவள் வெளியே வந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறாள், அடுத்த நொடி துப்பாக்கிச் சத்தம். மற்ற இரண்டும் பிழைப்பதில்லை. பின்னணி இசையெல்லாம் அழவைக்கப் பார்க்கிறது என்று ஒருவர் குறை சொல்லலாம், நான் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு முயலுக்காகத் தொண்டை அடைத்துப்போய் உட்கார்ந்திருந்த நான் என்ன குறை சொல்வது.

ராக்கெட்டுக்கு பிராட்லி கூப்பர் குரல் கொடுக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். படப்பிடிப்பில் அவனுடைய இடத்தில் முழங்கால் போட்டு நடித்தவர் ஷான் கன், இயக்குநரின் தம்பி, இதே படத்தில் க்ராக்லின் என்ற பாத்திரமாகவும் வருகிறார். மூன்று படமாக அவர் செய்த வேலைக்கு யாரும் பெரிதாகப் பாராட்டியதாகத் தெரியவில்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வில்லன் ஹை எவல்யூஷனரி. சுகூடி இவூஜி என்ற நடிகர். இந்தப் பாத்திரத்தை நான் ரசித்த காரணம் இவனுக்கு நியாயம் எதுவும் கொடுக்கவில்லை என்பதுதான். இப்போதெல்லாம் எந்த வில்லனைப் பார்த்தாலும் அவனுக்கும் ஒரு சோகக் கதை, அவன் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கத்தானே செய்கிறது என்று நம்மைத் தலையாட்ட வைக்கப் பார்க்கிறார்கள். இவன் அப்படி இல்லை. குறையே இல்லாத சமூகத்தைப் படைக்கிறேன் என்று கிளம்பியவன், ஆனால் அவனுடைய உண்மையான வலி வேறு: அவனால் முடியாத ஒரு கணக்கை, அவன் குப்பை என்று நினைத்த ஒரு ரக்கூன் குட்டி பார்த்தவுடனே சொல்லிவிட்டது. அந்தப் பொறாமைதான் எல்லாவற்றுக்கும் அடி. தான் செய்த பொருள் தன்னைவிடப் புத்திசாலியாக இருக்கிறதே என்ற எரிச்சலில், சரி, அதன் மூளையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்கிறான். மெல்லப் பேசிக்கொண்டே இருந்து திடீரென்று தொண்டை கிழியக் கத்துகிற அந்த நடிப்பு சில இடத்தில் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பெரிய பதவியில் இருக்கும் சின்ன மனிதர்கள் அப்படித்தானே கத்துகிறார்கள்.

நடுவில் வரும் சாகசங்களைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்கோகார்ப் என்ற இடம் கட்டடமே சதையால் வளர்ந்தது, சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள், பார்க்க அருவருப்பாகவும் வேடிக்கையாகவும் இருக்கிறது. கலர் கலராக விண்வெளி உடை போட்டுக்கொண்டு போகும்போது, எல்லார் காதிலும் கேட்கும் லைனில் க்வில் கமோராவிடம் காதல் புலம்பல் புலம்புவது நல்ல சிரிப்பு. அப்புறம் ஒரு காரின் கதவைத் திறக்கத் தெரியாமல் கமோராவின் சகோதரி நெபுலா திணறும் காட்சி, க்வில் பொறுமையிழந்து கெட்ட வார்த்தையே சொல்லிவிடுவான். ஆனால் ஒரே நகைச்சுவையை மூன்று பேர் மாற்றி மாற்றிக் கத்திப் பேசி நீட்டுகிற பழக்கம் இந்தத் தொடருக்கு முதலிலிருந்தே உண்டு, இதிலும் போகவில்லை. இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு பத்துப் பதினைந்து நிமிடத்தை இங்கே தாராளமாக வெட்டியிருக்கலாம்.

உண்மையான குறை ஒன்று இருக்கிறது. கவுன்ட்டர் எர்த் என்று பூமியைப் போலவே ஒரு கிரகம், விலங்கு முகத்தோடு மனிதர்கள், வீடு, தெரு, புல்வெளி எல்லாம் இருக்கிறது. முகமூடியும் ஒப்பனையும் வைத்தே ஒரு ஊரை உண்டாக்கியிருக்கிறார்கள், அசல் வேலை. ஒரு குடும்பம் இவர்களை வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஹை எவல்யூஷனரி அந்தக் கிரகத்தையே கொளுத்திவிடுகிறான், ஏனென்றால் அது அவன் நினைத்த அளவுக்கு நன்றாக வரவில்லை. மொத்தக் கிரகமும் போகிறது. நம் ஆட்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை! ஒவ்வொரு உயிருக்கும் மதிப்பு உண்டு என்று சொல்ல வந்த படம், ஒரு கிரகத்து மக்களை வில்லன் எவ்வளவு கெட்டவன் என்று காட்டுவதற்கான உதாரணமாக மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. கூண்டுக்குள் இருந்த நான்கு பேருக்குப் பெயர் வைக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவருக்கு இது தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

ஆடம் வார்லாக்கும் அப்படியே. இரண்டாம் பாகத்தின் கடைசியிலேயே பெரிதாக அறிவித்துவிட்ட பாத்திரம், வந்து பார்த்தால் கூட்டிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்ட, பலம் இருக்கிற அளவுக்கு அறிவு வளராத பையன். வில் போல்ட்டர் சிரிக்க வைக்கிறார், ஆனால் கதைக்கு அவன் ஆரம்பத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறைதான் தேவைப்படுகிறான்.

முடிவுக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் படத்தை நான் சிபாரிசு செய்வதே அதற்காகத்தான். வெளியாகும் முன் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி, யார் சாகப்போகிறார்கள்? கூட்டத்தின் முரட்டு ஆள் டிராக்ஸா, ராக்கெட்டா? கடைசிப் பாகம் என்றால் ஒரு சாவு, ஒரு இறுதிச் சடங்கு, மழை என்று நமக்குப் பழகிவிட்டது. இங்கே முக்கியமான கூட்டத்தில் யாருமே சாகவில்லை. அது ஏமாற்றமாகவும் இல்லை, ஏனென்றால் சாவுக்குப் பதில் இன்னும் கஷ்டமான ஒன்று நடக்கிறது: பிரிந்து போகிறார்கள். சண்டை போட்டுக்கொண்டு இல்லை. ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டத்தில் இருக்கும் மான்டிஸ் இதுவரை ஒருத்தர் சொல்வதைக் கேட்டே வாழ்ந்தவள், முதலில் க்வில்லின் அப்பா ஈகோ, அப்புறம் இந்தக் கூட்டம். எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று கிளம்புகிறாள். வில்லனின் கப்பலில் அடைபட்டிருந்த குழந்தைகளோடு அவர்களுடைய மொழியிலேயே பேசி, குரங்கு மாதிரிச் சத்தம் போட்டுச் சிரிக்க வைக்கிற டிராக்ஸைப் பார்த்து, நீ அழிப்பதற்குப் பிறந்தவன் இல்லை, அப்பாவாக இருக்கப் பிறந்தவன் என்கிறாள் நெபுலா. அவனைப் படம் நெடுக முட்டாள் என்று திட்டியவள் அவள்தான், அதனால் அவள் வாயிலிருந்து அது வரும்போது எடை கூடுகிறது. மகளை இழந்த அப்பா என்றுதான் டிராக்ஸ் முதல் பாகத்தில் அறிமுகமானான் என்பதைக் கடைசியில் மறக்காமல் எடுத்திருக்கிறார்கள். கமோராவுக்குப் பழைய காதல் திரும்பவில்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. மந்திரம் போட்டது போல ஞாபகம் திரும்பி, ஓடிவந்து கட்டிப்பிடித்து எல்லாம் இல்லை. நீயும் நானும் ஜாலியாகத்தான் இருந்திருப்போம் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் தன் ஆட்களான ராவேஜர்ஸ் கொள்ளைக் கூட்டத்திடம் போய்விடுகிறாள், அங்கே அவளை வரவேற்கிறார்கள், அதுவும் ஒரு குடும்பம்தான். க்வில், சின்ன வயதில் விட்டுவிட்டு ஓடிவந்த தாத்தாவைப் பார்க்கப் பூமிக்குப் போகிறான். ராக்கெட்டைத் தலைவனாக்கிவிட்டுப் போகிறான்.

ராக்கெட்டின் முடிவு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எல்லாரும் குழந்தைகளைக் காப்பாற்றிக் கொண்டுபோய்க்கொண்டிருக்கும்போது அவன் பின்னால் நின்று போகிறான். பக்கத்தில் இன்னொரு வரிசைக் கூண்டு. உள்ளே ரக்கூன் குட்டிகள். கூண்டின் மேல் அது என்ன விலங்கு, பூமியில் எங்கே வாழ்வது என்று எழுதியிருக்கிறது. தூசியைத் துடைத்துப் படிக்கிறான். பத்து வருடம் இல்லை இல்லை என்று மறுத்ததைத் தன் கண்ணாலேயே படிக்கிறான், ஒன்றும் பேசுவதில்லை, கேமரா முகத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்புறம் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறான், மொத்த விலங்குகளும் பின்னாலேயே வருகின்றன. அதற்கு நடுவில் வில்லனிடம் தன் முழுப் பெயரைச் சொல்லும்போது, அது பஞ்ச் டயலாக்தான், சந்தேகமே இல்லை, ஆனால் மூன்று படம் காத்திருந்து சொன்ன பஞ்ச் டயலாக். கொல்ல வாய்ப்பிருந்தும் கொல்லவில்லை. 

ஒரு சண்டைக் காட்சியையும் சொல்லாமல் விட முடியாது. குறுகலான ஒரு நடைபாதையில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து அடிக்கிற அடி, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட் போலச் சுழன்று சுழன்று போகிறது, ஒருவர் தள்ளியவனை இன்னொருவர் பிடிக்கிறார், இவர் எறிந்ததை அவர் எடுக்கிறார். இத்தனை வருடம் ஒன்றாக இருந்தவர்கள் எப்படிச் சண்டை போடுவார்களோ அப்படி இருக்கிறது. இந்தக் கூட்டம் இப்படி ஒன்றாகச் சண்டை போடுவது இதுதான் கடைசி என்று நமக்குத் தெரியும் என்பதால் இன்னும் நன்றாக இருக்கிறது.

அப்புறம் எல்லாரும் ஆடுகிற அந்தக் காட்சி. ராக்கெட்தான் பாட்டைப் போடுகிறான். இரண்டாம் பாகத்தில், உலகத்தில் ஆடுகிறவர்கள், ஆடாதவர்கள் என்று இரண்டே வகைதான் என்று க்வில்லுக்குப் பெரிய பாடம் எடுத்த டிராக்ஸ் குழந்தைகளோடு சேர்ந்து ஆடுகிறான். யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை, பின்னால் எங்கேயோ நடக்கிறது, கவனித்தால் உண்டு. மரமான க்ரூட் பேசுவதும் அப்படித்தான். மூன்று படமாக ஒரே வாக்கியத்தைச் சொன்னவன், பிரியும்போது நமக்குப் புரிகிற வார்த்தையில் அன்பைச் சொல்கிறான். அவன் மொழி மாறிவிட்டதா, இல்லை இவ்வளவு நாள் கூடவே இருந்ததில் நமக்கே அது புரிய ஆரம்பித்துவிட்டதா என்று படம் சொல்வதில்லை. இரண்டாவதுதான் என்று கன் சொல்லியிருக்கிறார், அவர் சொல்லாமலேயே விட்டிருக்கலாம்.

பார்ப்பதற்கு முன் முதல் இரண்டு பாகமும் கண்டிப்பாகப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் வந்த இரண்டு அவெஞ்சர்ஸ் படங்களில் கமோராவுக்கு என்ன ஆனது என்று தெரிந்தால் போதும், மற்றது தேவையில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்த குறும்படத்தைப் பார்த்தால் மான்டிஸும் க்வில்லும் ஏன் அப்படிப் பழகுகிறார்கள் என்பது கூடுதலாகப் புரியும், பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. பெயர்ப்பட்டியல் ஓடும்போது நடுவில் வரும் காட்சியைத் தவறவிடாதீர்கள், ராக்கெட்டின் புதுக் கூட்டம் அதில்தான் வருகிறது, முதல் பாகத்தில் தலைப்பு ஓடும்போது வந்த பாட்டும் வருகிறது. அதற்கு அப்புறம் கடைசியில் இன்னொன்று இருக்கிறது, க்வில் தாத்தாவோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறான், அதுவரைக்கும் சரி, உடனே ஸ்டார்-லார்ட், அதாவது க்வில், மீண்டும் வருவார் என்று எழுத்து போடுகிறார்கள். இவ்வளவு அழகாக வழியனுப்பி வைத்த பிறகு அது எதற்கு என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான். அந்த எழுத்து வருவதற்கு முன்னாடியே நிறுத்திவிடுங்கள்.